வடசென்னையிலிருந்து கேதார்காந்தா உச்சிக்கு: முதல் பனிமலை நடைக்கு ஒரு வழிகாட்டி

இராயபுரமும் தண்டையார்பேட்டையும் திருவொற்றியூரும் கடல்மட்டத்துக்குச் சில மீட்டர்களே மேலே இருப்பவை. மார்கழி விடியலில்கூட இங்கே வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். இப்படியொரு கரையோரத்தில் வாழ்கிறவர், பூச்சியத்துக்கும் 10 டிகிரி கீழான குளிரில், பனியில் கால் புதைய நடந்து, 3,800 மீட்டர் உயரச் சிகரத்தின் உச்சியில் நின்று சூரியன் எழுவதைப் பார்க்க முடியுமா என்று கேட்டால், முறையாகத் தயாரானால் முடியும் என்பதே என் பதில். கயிறு கட்டி ஏறும் பயிற்சி அதற்குத் தேவையில்லை. மூன்று மாத உடற்பயிற்சி, பொருத்தமான உடை, அவசரப்படாத நடை ஆகிய மூன்றும் தேவை. முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் விசாரிக்கிறார்கள்; நடையின் வேகத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு; ஆனால் வேகம் கூடினால் வியர்வையும் கூடும். வியர்வையை வாழ்க்கையின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டுவிட்ட நம் ஊர்க்காரர்களுக்குப் பனியில் வரும் முதல் ஆபத்து அந்த வியர்வையிலிருந்துதான் வருகிறது என்பதால், இக்கட்டுரையில் அந்த விஷயத்தைப் பல இடங்களில் வலியுறுத்தியிருக்கிறேன்.

மலையும் மாதமும்

முதன்முறை செல்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் அமைந்த கேதார்காந்தா. இதன் உயரம் ஏறக்குறைய 12,500 அடி, அதாவது 3,810 மீட்டர். இமயமலையின் நடைபாதைகள் பலவும் பனியால் அடைபட்டுவிடும் டிசம்பர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில்தான் இந்த மலைக்கு ஆட்கள் அதிகம் வருகிறார்கள். அடிவார ஊரான சாங்க்ரி சுமார் 1,950 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே தங்கும் முதல் இரவிலேயே உடல் உயரத்துக்குப் பழகத் தொடங்குகிறது. பாதையின் பெரும்பகுதி பைன், தேவதாரு, ஓக் மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் செல்வதால் காற்றின் கடுமை குறைவு; உச்சிக்கு ஏறும் கடைசிச் சரிவுதான் திறந்தவெளி. அந்த உச்சியில் நின்றால் எந்தத் திசையிலும் பார்வையை மறைக்க எதுவும் இல்லை. 6,252 மீட்டர் உயரச் சுவர்க்காரோகிணி, 6,316 மீட்டர் உயரப் பந்தர்பூஞ்ச், 6,387 மீட்டர் உயரக் காளாநாக் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம்.

விடுப்பு குறைவாக இருப்பவர்கள் மசூரிக்கு அப்பால் உள்ள, 3,022 மீட்டர் உயர நாக் திப்பாவைத் தேர்ந்தெடுக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் அங்கும் பனி இருக்கும். உயரத்தின் தொல்லையும் குறைவு.

மாதத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் கடைசி வாரத்தை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையில் கேதார்காந்தாவின் ஒற்றையடிப் பாதையில் நெரிசல் ஏற்படுகிறது. உச்சிக்குச் செல்லும் செங்குத்துச் சரிவில் வரிசையில் காத்து நிற்பது குளிரில் உறைவதற்குச் சமம். ஜனவரியும் பிப்ரவரித் தொடக்கமும் பனி மிகுந்த காலம், குளிரும் அதற்கேற்பக் கடுமையானது. என் கணிப்பில், கடற்கரையிலிருந்து வரும் புதியவர்களுக்குப் பிப்ரவரி பிற்பகுதி முதல் மார்ச் நடுப்பகுதி வரை மிகவும் ஏற்றது. பனி அப்போதும் போதுமான அளவு கிடக்கும், பகல் நீளும், கூடாரத்தில் இரவைக் கழிப்பதும் அவ்வளவு கொடுமையாக இராது.

உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் செல்லும் எண்ணமே வேண்டாம். வனத்துறை அனுமதியும் நுழைவுக் கட்டணமும் கட்டாயம். குழுவாக அழைத்துச் செல்லும் அமைப்பாளர்கள் இவற்றைக் கவனித்துக்கொள்வார்கள் என்றாலும், அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. 2018 மார்ச் மாதம் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்று காட்டுத்தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து சென்றவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது. அமைப்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தைக் கேட்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர், ஆக்சிஜன் உருளை எந்த முகாம் வரை கொண்டுவரப்படுகிறது, முதலுதவிப் பயிற்சி பெற்றவர் யார், ஒருவர் நோயுற்றால் அவரை யார் கீழே அழைத்து வருவார்? இவற்றுக்குத் தெளிவான பதில் சொல்லாதவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

சமதரையில் பயிற்சி

முதலில் மருத்துவரைப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு ஆகியவற்றில் எது இருந்தாலும் அவரிடம் உயரத்தின் அளவைச் சொல்லி ஆலோசனை கேளுங்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் இ.சி.ஜி. எடுத்துக்கொள்வது நல்லது.

பயிற்சிக்கு மூன்று மாதம் வேண்டும். முதல் மாதத்தில் வாரம் நான்கு நாள் விரைந்த நடையோடு தொடங்கி, படிப்படியாக மெதுவோட்டத்துக்கு மாறி, மூன்றாவது மாத முடிவில் 5 கிலோமீட்டரை 40 நிமிடத்துக்குள் நிற்காமல் ஓடி முடிக்கும் நிலைக்கு வர வேண்டும். எண்ணூர் விரைவுச் சாலையோரம் ஓடுவதைத் தவிர்த்துவிடுங்கள். கன்டெய்னர் லாரிகளின் புகை நுரையீரலுக்குப் பயிற்சியாகாது. மணலில் நடப்பது மிகச் சிறந்த பயிற்சி, ஏனென்றால் கணுக்காலும் கெண்டைக்காலும் பனியில் செய்யும் வேலையையே ஏறக்குறைய அங்கும் செய்கின்றன. நம் பக்கத்துக் கரையில் பெரும்பகுதி கடலரிப்புக்காகக் கற்களைக் கொட்டி அடைக்கப்பட்டுவிட்டதால், அதற்கு மெரினாவுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் ஈரமில்லாத மேல்மணலில், காலணியோடு, ஒரு மணி நேரம் நடந்தால் போதும்.

மலை இல்லாத ஊரில் மலையின் வேலையைப் படிக்கட்டுகள் செய்யும். வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் படிகளோ, வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை மெட்ரோ நிலையங்களின் படிகளோ எதுவாக இருந்தாலும் சரி, முதுகுப்பையில் 5 கிலோவில் தொடங்கி 8 கிலோ வரை எடையை ஏற்றி, வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் ஏறி இறங்குங்கள். ஏறுவதில் மட்டும் கவனம் செலுத்திவிட்டு இறங்கும்போது லிஃப்டில் வருபவர்களுக்குத்தான் மலையிலிருந்து திரும்பும்போது முழங்கால் வலி வருகிறது. ஆகவே இறங்குவதையும் எடையோடு, பாதத்தை மெதுவாக ஊன்றிப் பழகிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மாதத்திலிருந்து மாதம் இருமுறையாவது உண்மையான குன்றில் ஏறுவது அவசியம். பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் திருத்தணிக்குக் காலையிலேயே சென்று, முருகன் கோயிலின் 365 படிகளைச் சிலமுறை ஏறி இறங்கிவிட்டு மதியத்துக்குள் வீடு திரும்பலாம். அது எளிதாகிவிட்டால் சோளிங்கர் யோக நரசிம்மர் மலையின் 1,305 படிகள் இருக்கின்றன. இறுதித் தேர்வாக, அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் நடைபாதையை முதுகுப்பையோடு ஏறிப் பாருங்கள். மலைக்கு அணியப்போகும் அதே காலணியை இந்தப் பயணங்கள் அனைத்திலும் அணிய வேண்டும். புதுக்காலணியோடு சாங்க்ரியில் இறங்கினால் இரண்டாம் நாளே குதிகாலில் கொப்புளம் வரும்.

இந்தப் பயிற்சிகளின்போதே நடையின் வேகத்தையும் பழக வேண்டும். பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சுவாங்காமல் பேச முடிந்தால் அதுவே சரியான வேகம். பேச்சு பாதியில் அறுந்தால் வேகத்தைக் குறையுங்கள். சோளிங்கர் படிகளில் வயதான பாட்டிமார்கள் படிக்குப் படி ஒரு கணம் நின்று, பின்காலை நேராக்கி உடலின் எடையை அதன் மேல் சாய்த்துவிட்டு, அடுத்த காலைத் தூக்குவதைக் கவனித்துப் பாருங்கள். அவர்கள் எங்கும் உட்காராமல் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். பனி மூடிய ஏற்றத்தில் வழிகாட்டிகள் கற்றுத்தரும் நடையும் அதுவேதான்.

உடை: ஈரத்தை உடலில் தங்கவிடாமல் இருப்பது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் நடக்கும் நேரத்தில், அரைத்த ஐஸை மண்வெட்டியால் அள்ளிப் பெட்டிகளில் கொட்டும் தொழிலாளர்களைப் பார்த்திருப்பீர்கள். 25 டிகிரி வெப்பத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே அவர்களுடைய விரல்கள் வெளுத்து மரத்துப்போகின்றன. வேலையின் நடுவே கையைத் துணியில் துடைத்து, அக்குளுக்குள் செருகிச் சூடேற்றிவிட்டு மீண்டும் ஐஸைத் தொடுகிறார்கள். காய்ந்த கையைவிட நனைந்த கை வெகுவேகமாக வெப்பத்தை இழக்கும் என்பதும், மரத்த விரலை உடம்பின் சூட்டாலேயே மீட்க வேண்டும் என்பதும் அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்தவை. பனிமலையில் உங்கள் உடல் முழுவதற்கும் இதே விதி பொருந்தும்.

பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நம் ஊரில் அது நன்மை. பனியில் அதுவே ஈரமான குளிர்ந்த போர்வையாகி உடலின் சூட்டை இழுத்துவிடும். எனவே பனியன், ஜீன்ஸ், பருத்திக் காலுறை ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தெர்மல் உள்ளாடை வாங்கும்போதும் லேபிளைப் படித்து, பருத்தி கலந்ததை ஒதுக்கிவிட்டு, பாலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளியால் ஆனதை வாங்குங்கள். அதன்மேல் ஃபிளீஸ் என்னும் மென்மையான செயற்கைத் துணியாலான ஒன்று அல்லது இரண்டு மேலாடைகள், அதன்மேல் இறகு அல்லது செயற்கைப் பஞ்சு அடைத்த தடித்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத மெல்லிய உறை என்று அடுக்கிக்கொள்ள வேண்டும். காலுக்குத் தெர்மல் உள்ளாடையும் அதன்மேல் விரைவில் உலரும் நடைக் கால்சட்டையும் போதும். உச்சி நாளுக்கு மட்டும் நீர்புகாத மேல்கால்சட்டை ஒன்று தேவைப்படும்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த அடுக்குகளைப் பயன்படுத்தும் முறையைத்தான். நடக்கத் தொடங்கும்போது சற்றே குளிர வேண்டும். குளிராமல் தொடங்கினால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும் என்று பொருள். ஆகவே முகாமைவிட்டுக் கிளம்புமுன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிப் பையின் மேற்பகுதியில் வையுங்கள். ஓய்வுக்கு நின்றவுடன், குளிர் தெரிவதற்கு முன்பே, அதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் பத்துமுறை கழற்றி மாட்டுவது சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அதைச் செய்தே ஆக வேண்டும். முகாமை அடைந்ததும் முதல் வேலையாக, தேநீருக்கும் முன்பாக, நனைந்த உள்ளாடையையும் காலுறையையும் மாற்றுங்கள். இரவில் அணிவதற்கென்று ஒரு முழு உலர்ந்த உடையையும் தடித்த கம்பளிக் காலுறையையும் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தனியே வைத்து, எந்த நிலையிலும் அதை நடைக்கு அணியாமல் இருப்பது என் உறுதியான பழக்கம்.

கைக்கு இரண்டு அடுக்கு கையுறைகள் வேண்டும்: விரல்களை அசைக்க இடம் தரும் மெல்லியது ஒன்று, அதன்மேல் நீர்புகாத தடித்தது ஒன்று. காதை மூடும் கம்பளித் தொப்பி, கழுத்துறை, புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் கட்டாயம். புதுப்பனி தன்மேல் விழும் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்புகிறது. கண்ணாடி இல்லாமல் சில மணி நேரம் நடந்தால் கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரிந்து, தற்காலிகமாகப் பார்வையே மங்கிவிடும். நம் வெயிலுக்குப் பழகிய கறுத்த தோலும் அங்கே உரிந்துவிடும் என்பதால், சன்ஸ்கிரீனை மூக்கின் அடிப்பகுதியிலும் தாடைக்குக் கீழும்கூடத் தடவிக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தையும் விலைக்கு வாங்கத் தேவையில்லை. காலணி, உள்ளாடை, காலுறை, கையுறை ஆகியவற்றை வாங்கிவிட்டு, தடித்த ஜாக்கெட், ஊன்றுகோல் போன்றவற்றைத் தேராதூனிலோ சாங்க்ரியிலோ வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

காலில் மாட்டுபவை

கெய்ட்டர் என்பது காலணியின் மேற்பகுதி முதல் முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றிக்கொள்ளும் நீர்புகாத உறை. பனி காலணிக்குள் புகுந்து உருகாமல் அது தடுக்கும். ஸ்பைக் என்பது காலணியின் மேல் ரப்பர் பட்டையால் இழுத்து மாட்டும் சங்கிலி. அதன் அடிப்புற உலோகப் பற்கள் இறுகிய பனியைக் கவ்விப் பிடிக்கும். கேதார்காந்தா பாதையில் பலர் நடந்து பனி கெட்டிப்பட்டிருப்பதால், பெரும்பாலான நாள்களில் இவ்விரண்டும் போதும்.

ஸ்னோஷூ வேறு வகை. அகன்ற சட்டத்தில் விரிப்பைப் பொருத்தி, நம் எடையைப் பெரிய பரப்பில் பரப்பிவிடுவதால், இடுப்பளவு புதையும் மென்பனியிலும் கால் அவ்வளவு ஆழம் இறங்காது. யாரும் நடக்காத புதுப்பனியில்தான் அதற்கு வேலை. சாங்க்ரியில் அது எளிதில் கிடைப்பதில்லை. குல்மார்க் போன்ற பனிச்சறுக்கு ஊர்களில் வாடகைக்குக் கிடைக்கும். அதில் நடக்க நேர்ந்தால் இரண்டு கால்களையும் வழக்கத்தைவிட அகட்டி வையுங்கள், ஒரு சட்டத்தின் விளிம்பை மற்றொன்றால் மிதிக்காதீர்கள், பின்பக்கமாக நடக்க முயலாதீர்கள். திரும்ப வேண்டுமானால் சிறு வட்டமாகச் சுற்றித் திரும்புங்கள். ஏற்றத்தில் முன்பாதத்தை அழுத்தினால் அடியிலுள்ள பற்கள் பிடித்துக்கொள்ளும். ஊன்றுகோலின் முனையில் அகன்ற வட்டத் தட்டு இருந்தால்தான் அது பனிக்குள் முழுவதுமாக இறங்காமல் நிற்கும்.

விமானத்தில் செல்பவர்கள் ஸ்பைக்கையும் ஊன்றுகோலையும் சரக்குப் பெட்டியிலும், பவர்பேங்க்கைக் கைப்பையிலும் வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

சென்ட்ரலிலிருந்து சாங்க்ரி வரை

ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. சென்ட்ரலிலிருந்து இரவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் புதுதில்லியை அடையும். அங்கிருந்து தேராதூனுக்கு ரயிலும் பேருந்தும் உண்டு. தேராதூனில் ஓர் இரவு தங்கி உறங்குங்கள். இரண்டு இரவு ரயில் பயணத்தின் அலுப்போடு மலைச்சாலையில் ஏறுவது நல்லதல்ல.

தேராதூனிலிருந்து சாங்க்ரி ஏறக்குறைய 200 கிலோமீட்டர். மசூரி, நௌகாவ், புரோலா, மோரி, நேட்வார் வழியாக எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். வளைந்து வளைந்து செல்லும் சாலை என்பதால், குமட்டல் வருபவர்கள் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தேவையான பணத்தைத் தேராதூனிலேயே எடுத்துவிடுங்கள். மோரியைத் தாண்டியபின் கைப்பேசித் தொடர்பை நம்பியிருக்க முடியாது. அடுத்த சில நாள்களுக்கு அழைப்பு வராது என்பதையும் எந்த நாளில் மீண்டும் அழைப்பீர்கள் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அம்மாவும் அப்பாவும் தூக்கமின்றித் தவிக்க மாட்டார்கள்.

இந்தி தெரியாதவர்கள் சில வாக்கியங்களைக் கட்டாயம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். உடல்நிலையைச் சொல்லத் தெரியாமல் சிரித்துச் சமாளிப்பது மலையில் ஆபத்தானது. தலை வலித்தால் "ஸர் மே தர்த் ஹை" என்றும், மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் "ஸான்ஸ் லேனே மே தக்லீஃப் ஹை" என்றும், நிற்கச் சொல்வதற்கு "ருக்கியே" என்றும் சொல்லலாம். வழிகாட்டியை "பாய் சாப்" என்று அழைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். ரொட்டி, சாதம், பருப்பு, ராஜ்மா ஆகியவை முகாம்களில் சூடாகக் கிடைக்கும். உயரத்தில் பசி மந்தமாகும். அப்போது சாதம் உள்ளே இறங்க நம் வீட்டுப் பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் பெரிதும் உதவும். நடைக்குக் கடலை மிட்டாய், பேரீச்சை, உலர்திராட்சை ஆகியவற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மணிக்கொருமுறை சிறிது தின்னுங்கள்.

மலையில் நான்கு நாள்

முதல் நாள் சாங்க்ரியிலிருந்து சுமார் 2,770 மீட்டர் உயரத்தில் உள்ள ஜூடா கா தாலாப் என்ற குளம் வரை நடை. தேவதாரு, பைன் காட்டுக்குள் நான்கைந்து மணி நேரத்தில் போய்விடலாம். கடுங்குளிரில் குளத்தின் மேற்பரப்பு உறைந்திருக்கும். அதன்மேல் நடந்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் நடை குறைவு. சுமார் 3,400 மீட்டரில் உள்ள அடிமுகாமை நண்பகலில் அடைந்துவிட்டு, மாலை முழுவதும் தண்ணீர் குடிப்பதும் மெல்ல உலாவுவதுமாக இருந்தால் உடல் உயரத்துக்குப் பழகும். வந்தவுடன் படுத்து உறங்குவது தலைவலியைக் கூட்டும்.

இரவு ஏழு மணிக்கெல்லாம் படுத்துவிட வேண்டும். மறுநாள் அணியும் காலுறையையும் கையுறையையும் உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். காலணியைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக் கூடாரத்துக்குள்ளேயே வையுங்கள். வெளியே விட்டால் காலையில் மரக்கட்டை போல விறைத்திருக்கும். கைப்பேசி, தலைவிளக்கின் மின்கலம் இரண்டும் குளிரில் விரைவில் சக்தியிழக்கும் என்பதால் அவற்றையும் உடலோடு ஒட்டி வைக்க வேண்டும். தண்ணீர் மேலிருந்து கீழாக உறையும் என்பதால், பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தினால் மூடிப்பக்கம் அடைபடாது.

மூன்றாம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு எழுப்புவார்கள். அந்த நேரத்துக் குளிரில் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது என்பதால், செய்ய வேண்டியதை முந்தைய நாளே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். கூடாரத்துக்கு வெளியே பையின் மேல் உட்கார்ந்து, மெல்லிய கையுறையைக் கழற்றாமல், முதலில் கெய்ட்டரை அதன் கொக்கிகள் காலின் வெளிப்புறம் இருக்குமாறு மாட்டி, அடிப்பட்டையைக் காலணியின் கீழ் இறுக்குங்கள். பிறகு ஸ்பைக்கின் ரப்பர் பட்டையை முன்பாதத்தில் நுழைத்து, பின்னால் இழுத்துக் குதிகாலுக்கு மேல் ஏற்றுங்கள். வெறுங்கையால் உறைந்த உலோகத்தைத் தொடக் கூடாது. எழுந்து நின்று நான்கு அடி நடந்து, பற்கள் காலணியின் நடுவில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பையை மாட்டுங்கள். நடக்கும்போது கால்களைச் சற்று அகட்டி வைக்காவிட்டால் ஒரு காலின் பற்கள் மறுகாலின் கெய்ட்டரில் மாட்டித் தடுக்கிவிடும்.

மூன்று மணி வாக்கில் நடை தொடங்கும். தலைவிளக்கின் ஒளி விழும் சிறு வட்டத்துக்குள், முன்னால் சென்றவரின் காலடிக் குழியிலேயே உங்கள் காலையும் வையுங்கள். சோளிங்கர் படிகளில் பழகிய அந்த நடைக்கு இதுதான் நேரம். யார் முந்திச் சென்றாலும் உங்கள் வேகத்தை மாற்ற வேண்டாம். ஓய்வுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். நிற்கும்போதும் காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருங்கள். ஒரு விரலில் வலி திடீரென்று நின்றுபோனால் அது குணமான அறிகுறியல்ல, உறையத் தொடங்கியதன் அறிகுறி. உடனே வழிகாட்டியிடம் சொல்லி, விரலை அக்குளில் செருகிச் சூடேற்றுங்கள். பனியால் தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் தோலைக் கெடுத்துவிடும்.

கடைசிச் சரிவில் கிழக்கு வெளுக்கத் தொடங்கும். உச்சியில் கற்களுக்கு நடுவே சூலங்கள் நட்ட சிறு சிவன் வழிபாட்டிடம் இருக்கிறது. முதல் ஒளி சுவர்க்காரோகிணியின் முகட்டில் விழும்போது பள்ளத்தாக்குகள் இன்னும் இருட்டாகவே இருக்கும். சிறிது நேரத்தில் பந்தர்பூஞ்சின் பனிமுகமும் ஒளிபெற்று, கீழே காடுகள் கறுப்பிலிருந்து பச்சைக்கு மாறும். இந்தக் காட்சியை அவசரமில்லாமல் ஒரு முழுச் சுற்று திரும்பிப் பாருங்கள், பிறகு படம் எடுங்கள். ஆனால் இருபது நிமிடத்துக்கு மேல் அங்கே இருக்க வேண்டாம். ஏறும்போது வந்த வியர்வை உடலில் இருக்க, உச்சிக் காற்று அதைக் குளிரவைக்கும்.

இறங்கும்போதுதான் அதிகம் பேர் விழுகிறார்கள். முழங்காலைச் சற்று மடக்கி, குதிகாலை முதலில் பனியில் அழுத்தி இறங்குங்கள். சிலர் உட்கார்ந்தவாறே சறுக்கிச் செல்வார்கள். ஸ்பைக் மாட்டிய காலோடு அப்படிச் சறுக்கினால் பற்கள் பனியில் மாட்டிக் கணுக்கால் முறியும். அன்று மாலைக்குள் கீழ்முகாமுக்கு வந்து தங்கி, நான்காம் நாள் சாங்க்ரியை அடையலாம்.

பெண்கள் மாதவிலக்குத் தேதியை எண்ணித் திட்டமிட்டாலும், உயரத்தில் அது முன்பின்னாக வரக்கூடும் என்பதால் நாப்கினை எப்படியும் எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்தியதைக் கட்டிக் கீழே கொண்டுவர இரண்டு தடித்த உறைகளும் வேண்டும். பனியில் புதைத்தது எதுவும் மக்காது, கோடையில் ஓடையில் கலக்கும்.

உயர நோயும் திரும்பும் முடிவும்

3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரு பங்குக்கும் சற்றுக் குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் வரலாம். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், அளவுக்கு மீறிய சோர்வு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால் அதை உயர நோய் என்றே கொள்ளுங்கள். அந்த நிலையில் மேலே ஏறக் கூடாது. ஓய்வெடுத்தும் குறையாவிட்டால் இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத்திணறுவது, நுரையோடு இருமுவது, நேர்க்கோட்டில் ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடுவது, குழறிப் பேசுவது ஆகியவை உயிருக்கு ஆபத்தான கட்டத்தின் அறிகுறிகள். இரவானாலும் காத்திராமல் அவரைத் துணையோடு உடனே கீழே இறக்க வேண்டும்.

அசிட்டசோலமைடு மாத்திரையைத் தடுப்பாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாது என்பதால், மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே, அவர் சொன்ன அளவில் எடுங்கள். நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு லிட்டர் தண்ணீர் குடிப்பதையும் மதுவும் புகையும் தொடாமல் இருப்பதையும் எந்த மாத்திரையும் ஈடுசெய்யாது.

வானிலை மோசமானாலும் திரும்பத் தயங்கக் கூடாது. 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டின் சஹஸ்ர தால் பகுதிக்குச் சென்ற கர்நாடகக் குழு மோசமான வானிலையில் சிக்கி, 9 பேர் உயிரிழந்தார்கள், அது கோடைகாலம். புதுப்பனி கனமாகக் கொட்டிய மறுநாள், 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவுகளில் பனிச்சரிவு ஏற்படும் வாய்ப்பு மிகுதி. வழிகாட்டி திரும்பச் சொன்னால், செலவழித்த பணத்தையும் எடுத்த விடுப்பையும் காட்டி அவரோடு வாதாடாதீர்கள். கிளம்புவதற்கு முன்பே குழுவில் உள்ள அனைவரும் சேர்ந்து, காலை எட்டு மணிக்குள் உச்சியை அடையாவிட்டால் எங்கே நின்றாலும் திரும்புவது என்பது போன்ற ஒரு நேர எல்லையை வகுத்துக்கொண்டால், மேலே சென்றபின் மனம் தடுமாறாது.

வீடு திரும்பிய பின்

நம் ஊர் ஈரக்காற்றில் இந்தப் பொருள்கள் விரைவில் கெடும். காலணியின் உள்தகட்டை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, இரண்டு நாள் மின்விசிறியின் கீழ் வையுங்கள். வெயிலில் வைத்தால் அடிப்பாகத்தின் பசை விட்டுவிடும். இறகு ஜாக்கெட்டை அதன் சிறு பைக்குள் இறுக்கி அடைக்காமல் தளர்வாகத் தொங்கவிடுங்கள். ஸ்பைக்கை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, பற்களிலும் சங்கிலியிலும் தையல் இயந்திர எண்ணெயைத் தடவி, செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீடு என்றால், உப்புக்காற்றில் துரு ஏறாமல் இருக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து மீண்டும் எண்ணெய் தடவுவது நல்லது.